காலையில் எழுந்ததும் அங்கே நான் என்ன செய்வேன்?

வாசகர் கடிதம்:

"அக்கா, எனக்கு வயது 32. காசிமேட்டில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். பையனுக்கு எட்டு வயது, பொண்ணுக்கு நாலு. எங்கள் சபை எங்களைக் கம்போடியாவுக்கு மிஷனரியாக அனுப்பத் தீர்மானித்திருக்கிறது. பட்டாம்பாங் என்ற ஊரில் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் சொல்லிக்கொடுக்கும் ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளி, அதோடு ஊழியம். ஜூனில் கிளம்ப வேண்டுமாம். இவருக்கு மூன்று வருடமாக அங்கே ஊழியத்துக்குப் போக வேண்டும் என்ற பாரம் இருக்கிறது. எனக்கு அப்படி எந்த அழைப்பும் வரவில்லை.

நான் பாஸ்டரம்மாவிடம் கேட்டது ஒரே கேள்விதான். காலையில் எழுந்ததும் அங்கே நான் என்ன செய்வேன்? 'கர்த்தர் வழிநடத்துவார்' என்றார்கள். மறுபடியும் கேட்டதற்கு, எனக்கு விசுவாசக் குறைவு என்று பெண்கள் ஜெபக்குழுவில் என் பெயரைச் சொல்லியே ஜெபித்துவிட்டார்கள். என் அம்மா விதவை, சுகர் இருக்கிறது. மாதாமாதம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது நான்தான். கம்போடியா என்றாலே ஆட்களை அடைத்து வைத்து மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள் என்று டிவியில் பார்த்துவிட்டு தினமும் அழுகிறார். நான் போகலாமா, வேண்டாமா?

இன்னொன்று, கேட்கவே வெட்கமாக இருக்கிறது. மிக்ஸி கொண்டுபோனால் அங்கே ஓடுமா?"

- பெயர் வேண்டாம், காசிமேடு.

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விசுவாசக் குறைவு என்று சொல்லும்படி அதில் எதுவும் என் கண்ணில் படவில்லை. இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டப் போகிறவள் அடுப்பைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கேட்காமல் வேறு எதைக் கேட்பாள்? அப்படிக் கேட்காமலே விமானம் ஏறிய ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான் அது. பெரம்பூரில் இந்த ஆலோசனை அறையில் உட்காருவதற்கு முன்னால், என் கணவரோடு எட்டு வருடம் கம்போடியாவில், அதுவும் பட்டாம்பாங்கில்தான் இருந்தேன். ஆசிரியர் உங்கள் கடிதத்தை என்னிடம் தள்ளிவிட்டதற்குக் காரணமும் அதுவே.

சரி, காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்? முதலில், நீங்களாக எழுந்திருக்கவே மாட்டீர்கள், எழுப்பிவிடுவார்கள். பக்கத்தில் கல்யாணம் என்றால் பாதி ரோட்டை அடைத்துப் பந்தல் போட்டு, விடியும் முன்பே ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார்கள். காசிமேட்டுக்காரிக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஐந்தரைக்குச் சந்தை. மீன் துள்ளிக்கொண்டிருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். எட்டு மணிக்கு மொழி வாத்தியார் வருவார், பத்து வரைக்கும் அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் சமையல். மதியம் ஊரே படுத்துவிடும். மழைக்காலத்தில் மூன்று, நாலு மணிக்கு மேல் கொட்டும், கொடியில் கிடப்பதை அள்ள ஓடுவீர்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க வருவார்கள். நடுவில் ஒரு நாள் முழுக்க விசா நீட்டிப்புக்கு ஓடுவதில் போகும், இன்னொரு நாள் கேஸ் தீர்ந்த கதையில். முதல் வருடத்தில் 'ஊழியம்' என்று மாதக் கடிதத்தில் எழுத உங்களுக்கு ஒன்றுமே இருக்காது. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாதக் கடிதம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்களை அனுப்பிய சபை மாதம் ஒரு ஜெபக் கடிதம் கேட்டது. எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு கட்டமே வைத்திருந்தார்கள். நாலாவது மாதம் அந்தக் கட்டத்தில் நான் 'ஏழு பேர்' என்று எழுதினேன். அதில் மூன்று பேர் எங்கள் வீட்டுக் குழாயை ரிப்பேர் செய்ய வந்தவர்கள். சிரிக்காதீர்கள். அந்தப் பொய் எனக்குள் வெகுநாள் அரித்துக்கொண்டிருந்தது. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மொழியைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். அங்கே பேசுகிற கெமர் மொழி சீனம், தாய் மாதிரி ராகம் போட்டுப் பேச வேண்டிய மொழி இல்லை. உயிரொலிகள் ஏகப்பட்டது, நாக்கு பழக நாளாகும். எழுத்து ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருக்கும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடமும் விடமாட்டார்கள். ஆனால் அந்த எழுத்தின் மூலம் பல்லவர் கால எழுத்து, நம் கரையிலிருந்து போனது. வாத்தியாருக்கு 'க்ரூ' என்பார்கள், குருதான் அது. எண்ணுவதுதான் வேடிக்கை. ஐந்து வரைக்கும் தனித்தனிப் பெயர் இருக்கும். ஐந்துக்கு 'ப்ராம்', ஒன்றுக்கு 'மூய்', ஆறு என்றால் 'ப்ராம் மூய்', அதாவது ஐந்தும் ஒன்றும். ஒரு கையில் விரல் தீர்ந்ததும் மறுகைக்குத் தாவுகிற கணக்கு. முன்பின் தெரியாதவர்களைக் கூட உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தன்னைவிடப் பெரியவர் என்றால் ஆணோ பெண்ணோ 'போங்', தாத்தா வயது என்றால் 'தா'. வழியில் பார்த்தால் 'சோறு சாப்பிட்டாச்சா' என்பதுதான் விசாரிப்பு. வெள்ளைக்கார மிஷனரிகள் இதையெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அது தேவைப்படாது.

மீன் வாடையும் உங்களை விரட்டாது. 'ப்ரஹோக்' என்று மீனை உப்புப் போட்டு நொதிக்க வைத்த விழுது ஒன்று உண்டு. அவர்கள் சமையலில் அது இல்லாத நாள் குறைவு. என்னோடு வந்த அயனாவரத்துப் பெண் முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் வளர்ந்த நீங்கள் ஓட மாட்டீர்கள்.

சந்தையில் கீரை விற்கிற ஒரு அக்கா தினமும் என் எண்களைத் திருத்துவார். நான் தப்பாகச் சொன்னால் காசு வாங்க மாட்டார், சரியாகச் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆறு மாதம் போல இருக்கும், ஒரு நாள் அவர் இடம் காலியாக இருந்தது. அம்மா இறந்துவிட்டார் என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். என்ன செய்வதென்று தெரியாமல் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் துக்கத்துக்கு வெள்ளைதான். ஊதுபத்தி நீட்டினார்கள். நான் வாங்காமல் கைகூப்பினேன், யாரும் கோபிக்கவில்லை. பின்கட்டில் பெண்கள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள், நானும் உட்கார்ந்து உரித்தேன். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். மூன்று நாள் பூண்டு. அந்த அக்காவும் நானும் இன்றைக்கும் போனில் பேசுகிறோம். அவர் கிறிஸ்தவர் ஆனாரா என்று இங்கே கூட்டங்களில் கேட்பார்கள். இல்லை, ஆகவில்லை. அந்த மூன்று நாளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியாததால் அந்த மாதம் கடிதமே போடவில்லை.

1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் நம் ஊர்க்காரர், வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா பேசினார். மிஷனரிகள் செய்த தியாகத்தையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, கடைசியில் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். வெள்ளைக்காரர்கள் கூடியிருந்த அரங்கத்தில் அது சுருக்கென்று தைத்தது. இன்று வெளியூருக்கு ஆள் அனுப்பும் இடத்தில் நம் சபைகள் இருக்கின்றன, அதே சொல் இப்போது நமக்கும் தைக்கத்தான் வேண்டும்.

இனி அழைப்பு. இதில்தான் நீங்கள் ரொம்ப நொந்துபோயிருக்கிறீர்கள்.

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், துறைமுகம் கட்டப்படாத காலத்தில், 1813 ஜூன் மாதம் ஒரு இளம் அமெரிக்க மிஷனரித் தம்பதி கப்பலிலிருந்து மசூலா படகில் அலையில் குலுங்கிக் கரை இறங்கினார்கள். அதோனிராம் ஜட்சன், அவர் மனைவி ஆன். கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைக் கல்கத்தாவில் தங்கவிடவில்லை. மெட்ராசிலும் இருந்தால் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். கிளம்பத் தயாராக இருந்த ஒரே கப்பல் ரங்கூனுக்குப் போவது. பயந்துகொண்டேதான் ஏறினார்கள். வழியில் ஆனுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. ரங்கூனில் முதல் ஞானஸ்நானம் நடந்தது 1819-ல். ஆறு வருடம் ஆகியிருந்தது. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களைக் கேட்டால் ஜட்சன் பெயர் தெரிந்தவர்கள் இப்போதும் இருப்பார்கள். நான் சொல்ல வந்தது ஆனைப் பற்றி. ஜட்சன் நாளெல்லாம் ஓலைச்சுவடிகளோடு உட்கார்ந்து இலக்கணம் படித்தார். ஆன் வேலைக்காரர்களோடும் சந்தையோடும் மல்லுக்கட்டிக் குடும்பம் நடத்தினார். பேச்சு மொழி கணவரைவிட ஆனுக்குத்தான் முதலில் வந்தது. வீட்டுப் பாட்டைப் பார்க்க வேண்டியிருந்ததால்தான் அப்படி என்று தன் கடிதங்களில் அவரே எழுதியிருக்கிறார்.

இதைச் சொல்லி உங்களைக் கப்பலேற்றப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு ஆனுக்குத் திரும்பிப் போக வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. உங்கள் கணவருக்கு வந்த அழைப்பைப் பொய் என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் அந்த அழைப்பின் பேரில் உங்களை இழுத்துப்போகிற அதிகாரம் அவருக்கும் கிடையாது, சபைக்கும் கிடையாது. பணித்தளத்திலிருந்து இரண்டாம் வருடமே உடைந்து திரும்பியவர்கள் பலரோடு இந்த அறையில் பேசியிருக்கிறேன். பெரும்பாலும் மனைவி ஒரு வார்த்தை 'எனக்கு விருப்பமில்லை' என்று கிளம்பும் முன்பே சொல்லியிருப்பார், யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். ஜூனில் போகாதீர்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஜூனில் வேண்டாம் என்கிறேன். முதலில் நீங்கள் இரண்டு பேர் மட்டும் சுற்றுலா விசாவில் ஒரு மூன்று வாரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகள் அம்மாவிடம் இருக்கட்டும். அந்த மூன்று வாரமும் கெஸ்ட் ஹவுஸ் வேண்டாம். ஒரு வாடகை அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுங்கள், நீங்களே சந்தைக்குப் போங்கள், மற்ற மிஷனரிகளின் மனைவிமாரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். ஆண்கள் பக்கத்தில் இல்லாதபோது அவர்கள் சொல்வதுதான் உண்மை நிலவரம். திரும்பி வந்தபின் உங்கள் மனதில் என்ன இருக்கிறதோ அதைச் சபையிடம் சொல்லுங்கள். அதுவரைக்கும் வீட்டுக்காரர் வேலையை விட வேண்டாம், பிஎஃப் பணத்தில் கைவைக்கவும் வேண்டாம்.

பார்த்துவிட்டு வருவதற்குத்தான் சுற்றுலா விசா. அதே விசாவில் போய் அப்படியே தங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தங்கப் போகிறவர்கள் ஈ வகை விசாவில் போய் அங்கே நீட்டித்துக்கொள்ள வேண்டும், வேலை செய்ய வேலை அனுமதிச் சீட்டும் வேண்டும். அது உங்கள் தையலுக்கும் பொருந்தும். இங்கே மாதிரி வீட்டில் உட்கார்ந்து தைத்துக் காசு வாங்க முடியாது. உங்கள் கையில் வருகிற அந்தச் சம்பாத்தியம் நின்றுபோவதைப் பற்றிச் சபையில் ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். நீங்கள் பேசுங்கள், அதுவும் இழப்புதான். ஆனால் மெஷினை மறந்துவிடாதீர்கள். அங்கே சந்தைக்குச் சந்தை தையல்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்திக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தால் ஆறு மாத மொழி வகுப்பை இரண்டே மாதத்தில் முடித்துவிடுவீர்கள்.

பணம் எந்த வழியாக உங்கள் கைக்கு வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம் நாட்டு டிரஸ்ட் ஒன்று வசூலித்த பணத்தை வெளிநாட்டில் செலவு செய்தால் வருமான வரி விலக்கு சாதாரணமாகக் கிடைப்பதில்லை, அதற்குத் தனி அனுமதி வேண்டும். 'பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்பியவர்களுக்குப் பாதியில் பணம் நின்றுபோனது உண்டு. வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் அங்கே டாலரில். சில்லறைக்கு அந்த ஊர்ப் பணமான ரியல், டாலருக்குச் சுமார் 4,000. காணிக்கை ரூபாயில் வரும், ரூபாய் இறங்கினால் உங்கள் சாப்பாடு குறையும். இங்கே எடுத்து வைத்திருக்கிற மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் அங்கே செல்லாது. பெரிய வைத்தியம் என்றால் பாங்காக்குக்குப் போவார்கள். அந்தச் செலவு யாருடையது? பதில் எழுத்தில் வேண்டும்.

வீட்டுக்காரருக்கும் இரண்டு வார்த்தை. நம் தெருவில் செய்கிற மாதிரி வீடு வீடாகப் போய்க் கைப்பிரதி கொடுப்பதும், தெருமுனையில் மைக் பிடிப்பதும் அங்கே கூடாது. அரசாங்கம் தடை செய்திருக்கிறது. பெரும்பாலோர் பௌத்தர்கள். ஏசி ரிப்பேரை ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதே அவர் வேலை, அதைச் சாக்காக நினைத்துக்கொண்டு போனால் பையன்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். குழந்தைகள் தலையில் கைவைத்து ஜெபிக்கிற பழக்கம் இருந்தால் அங்கே பெற்றோரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. அவர்களுக்குத் தலை புனிதமானது. வயதானவர்களிடம் பழைய கதையைத் துருவ வேண்டாம். 1975 முதல் 1979 ஆரம்பம் வரைக்கும் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் வீட்டுக்கு வீடு சாவு விழுந்த தேசம் அது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள், உடனே வசனம் சொல்லாதீர்கள். என் கணவர் அப்படி வசனம் சொன்னதும் ஒரு தாத்தா எழுந்து போய்விட்டார். சாயங்காலம் மன்னிப்புக் கேட்க ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நாங்கள் போனோம்.

பிள்ளைகளில் நாலு வயதுக்காரி ஆறே மாதத்தில் கெமரில் சண்டை போடுவாள். பெரியவனைத்தான் கவனிக்க வேண்டும், நண்பர்களை விட்டுப் பிரியும் வயது. பள்ளி முடிவாகாமல் கிளம்பக் கூடாது. தமிழ் வாசிக்கிற பழக்கம் விட்டுப்போகாமல் இரவில் அரை மணி நேரமாவது நீங்களே உட்கார வையுங்கள். எட்டு வருடம் கழித்துப் பெரம்பூரில் வந்து இறங்கிய முதல் வாரம் என் மகள், "எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்டாள். அவள் கேட்டது பட்டாம்பாங்கை.

அம்மாவைக் கடைசியில் எழுதுகிறேன், எழுதக் கஷ்டமாக இருப்பதால்.

அவர் டிவியில் பார்ப்பது பொய்ச் செய்தி கிடையாது. நல்ல சம்பளம் என்று ஆசைகாட்டிக் கூட்டிப்போய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த இந்தியர்களை நம் தூதரகம் மீட்டிருக்கிறது. 2024-ல் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கையும் வெளியிட்டது. அவரை 'சும்மா இரும்மா' என்று அடக்காதீர்கள். யார் அழைக்கிறார்கள், எந்த முகவரி, யார் பொறுப்பு என்று காகிதத்தைக் காட்டி விளக்குங்கள். பார்த்துவிட்டு வரும் அந்த மூன்று வாரமும் தினமும் வீடியோ காலில் வாருங்கள். நம்மைவிட அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னால். நம் எட்டு மணிக்கு அங்கே ஒன்பதரை. அங்கே குடியேறிய பிறகு அது பிள்ளைகள் தூங்கிவிடும் நேரம், அப்போது நம் ஏழு மணியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டான்லிக்கு மாதாமாதம் கூட்டிப்போவது இனி யார்? 'சபை பார்த்துக்கொள்ளும்' என்பது பதிலாகாது. ஒரு ஆள் பெயர் வேண்டும், அவருக்கு ஆட்டோ செலவு வேண்டும், அவரால் முடியாத மாதத்துக்கு இன்னொரு பெயர் வேண்டும். உங்களுக்காக ஜெபித்த அதே பெண்கள் குழுவில் போய் இந்த இரண்டு பெயரையும் கேளுங்கள். அவர்கள் விசுவாசம் எப்படி என்று உங்களுக்கும் தெரிந்துபோகும்.

அப்புறம், அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பேச்சை அம்மாவோடு உட்கார்ந்தே பேசிவிடுங்கள். பாங்காக் வழியோ சிங்கப்பூர் வழியோ மாறி மாறித்தான் வந்து சேர வேண்டும், டிக்கெட் கிடைத்தாலும் ஒரு நாள் போல ஆகிவிடலாம். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்களா, காத்திருக்க வேண்டாமா, அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். இரண்டு டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக, யாரும் தொடாத கணக்கில் போட்டு வையுங்கள். என் அம்மா போனபோது நாங்கள் இதைப் பேசியிருக்கவில்லை. எனக்காகக் காத்திருந்தார்களா என்று போனில் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு தடவை நேரில் வாருங்கள். சபை எழுதிக்கொடுத்த காகிதம் ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள், இல்லை என்றாலும் அதைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு வர இஷ்டம் இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள், படி ஏற வேண்டியதில்லை, என் அறை கீழேதான்.

மிக்ஸி ஓடும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் முனை மட்டும் பொருந்தாமல் போகலாம், பத்துப் பதினைந்து அடாப்டராக வாங்காமல் நல்லதாக இரண்டு வாங்குங்கள். சட்னி ஜாரை மறக்காதீர்கள். பெரிய ஜாரை நான் கொண்டுபோய் எட்டு வருடத்தில் நாலு தடவை எடுத்திருந்தால் அதிகம்.